ஓடிபி யார் போனுக்கு வரும்?

சங்கமோ டிரஸ்டோ, வெப்சைட் வேண்டும் என்று என்னைத் தேடி வருகிறவர்கள் கையில் ஒரு ஃபைல் இருக்கும். பதிவுச் சான்றிதழ், பான் கார்டு, 12ஏ, 80ஜி உத்தரவுகள், மூன்று வருட ஆடிட் கணக்கு. பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் விண்ணப்பத்தில் 'இணையதள முகவரி' என்ற கட்டத்தைக் காலியாக விட மனமில்லாமல் கிளம்பி வந்திருப்பார்கள். லோகோ எப்படி இருக்க வேண்டும், முகப்பில் எந்தப் போட்டோ என்று பேச்சைத் தொடங்குவார்கள். நான் குறுக்கிட்டு முதலில் கேட்பது ஒன்றுதான்: "டொமைனுக்கு ஓடிபி யார் போனுக்கு வரும்?"

செயலாளர் பொருளாளரைப் பார்ப்பார். பொருளாளர், "எங்க அக்கா பையன் பார்த்துக்குவான் சார், சென்னையில ஐடில இருக்கான்" என்பார். அடுத்த பத்து வருடத்துக்கான சிக்கல் முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது.

திருச்சியில் உட்கார்ந்துகொண்டு, டெல்டா மாவட்டங்களிலும் புதுக்கோட்டைப் பக்கமும் உள்ள சிறு அமைப்புகளுக்கு டொமைன் பதிந்து கொடுப்பதும் வெப்சைட் போட்டுக் கொடுப்பதும் என் தொழில். வாசகர் வட்டம், மாற்றுத்திறனாளிகள் சங்கம், ஏரிப் பாதுகாப்புக் குழு, அரசுப் பள்ளி முன்னாள் மாணவர்கள் என்று எல்லா விதமான ஆட்களும் வருவார்கள். வெப்சைட் பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதமே மாற்றிவிடலாம். டொமைன் கைவிட்டுப் போனால், ரசீது புத்தகத்தில், பேனரில், பத்திரிகைச் செய்தியில், நன்கொடையாளர் மெயில் பெட்டியில் இருக்கிற உங்கள் முகவரி எல்லாம் ஒரே நாளில் வேறொருவருடையதாகிவிடும். இதைப் புரியவைப்பதற்கே என் நேரத்தில் பாதி போகிறது. அதைச் சலிப்பாக நினைத்ததில்லை.

வாங்கினோம் என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். உண்மையில் டொமைனை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. அது ஆண்டுக் குத்தகை. குறைந்தது ஒரு வருடம், ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து வருடம். தவணை தவறினால் குத்தகை முடிந்தது.

பெயர் எடுப்பதில்தான் எல்லோருக்கும் உற்சாகம். புதுக்கோட்டைப் பக்கம் ஓர் ஏரிப் பாதுகாப்புச் சங்கத்துக்காக ஊர் நூலகத்தில் கூடினோம். சங்கத்தின் முழுப் பெயரையே டொமைனாக வைக்க வேண்டும் என்பது அவர்கள் தீர்மானம். நான் ஒரு சோதனை வைத்தேன். ஒருவர் வராந்தாவுக்குப் போய் போனில் பெயரைச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர்கள் ஸ்பீக்கரில் கேட்டு ஆளுக்கொரு தாளில் ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். எழுத்துக் கூட்டிச் சொல்லக் கூடாது.

தாள்களை மேஜையில் பரப்பினோம். 'ஏரி'யை ஒருவர் வெறும் 'இ' போட்டுத் தொடங்கியிருந்தார், ஒருவர் 'ஒய்-இ', இன்னொருவர் 'ஏ-இ'. 'பாதுகாப்பு' இன்னும் மோசம். முதல் எழுத்துக்கு ஒரு 'ஏ'யா இரண்டு 'ஏ'யா, 'து'வுக்கு 'டீ-ஹெச்'சா 'டி-ஹெச்'சா, நடுவில் 'கே'யா 'ஜி'யா, கடைசியில் ஒரு 'பி'யா இரண்டா. ஒரு தாளைப் போல இன்னொரு தாள் இல்லை. சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாரும் ஒரே ஊரு, ஒரே சங்கம். நமக்குள்ளயே இத்தனை விதம்னா வெளியூர்க்காரன் எப்படி தம்பி வந்து சேருவான்?" என்றார். அவரே 'பாதுகாப்பு'வை எடுத்துவிடலாம் என்று முடிவு சொன்னார். ஊர்ப் பெயரும் 'ஏரி'யும் மட்டும் மிஞ்சின. ஊர்ப் பெயருக்குப் பஸ் போர்டில் இருக்கிற ஸ்பெல்லிங். 'ஏரி'க்கு அதிகம் பேர் எழுதிய ஸ்பெல்லிங். அடுத்தபடியாக அதிகம் பேர் எழுதியதையும் சேர்த்துப் பதிந்து, முதல் முகவரிக்கே திருப்பிவிட்டோம். கூடுதல் செலவு வருடத்துக்கு ஒரு நல்ல நோட்டீஸ் அடிக்கிற காசு.

ஊர்ப் பெயரை நம்பி வைப்பதிலும் ஒரு பதற்றம் வந்தது. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டதும் எனக்குப் போன்கள் வரத் தொடங்கின. கோயம்புத்தூருக்கும் திண்டுக்கல்லுக்கும் புதுப் புது எழுத்துக் கூட்டல். "எங்க டொமைனையும் மாத்தணுமா?" என்று கேட்டார்கள். பொறுங்கள் என்றேன். சில நாளிலேயே அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசாணை நிலைத்திருந்தாலும் நான் மாற்றச் சொல்லியிருக்க மாட்டேன். பத்து வருடமாக ஜனங்கள் டைப் அடித்துப் பழகிய முகவரி அது. புது ஸ்பெல்லிங்கையும் பதிந்து பழையதோடு சேர்த்து ஓட்டியிருக்கலாம்.

முதலெழுத்துச் சுருக்கம் வேண்டும் என்பவர்கள் உண்டு. மூன்று நான்கு எழுத்துச் சுருக்கங்கள் அநேகமாக எல்லாம் எப்போதோ போய்விட்டன. கிடைத்தாலும் அது உங்கள் சங்கம் என்று யாருக்கும் நினைவில் நிற்காது. நடுவில் கோடு போட்டால் போனில் "நடுவுல ஒரு கோடு" என்று சொல்ல வேண்டிவரும், கேட்பவர் கீழ்க்கோடு போடுவார். டொமைனில் கீழ்க்கோட்டுக்கு இடமே இல்லை. புள்ளிக்கு முந்தைய பெயரில் 63 எழுத்து வரை விதி அனுமதிக்கிறது. அதை ஓர் இலக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'அறக்கட்டளை' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் முழுசாக வைத்துத் தவிக்காத டிரஸ்டை நான் பார்த்ததில்லை.

புள்ளிக்குப் பிறகு வரும் கடைசிப் பகுதிக்கு வருவோம். டாட் ஆர்க் இணையத்தின் மூத்த பெயர்களில் ஒன்று. 1985-இல் டாட் காமோடு சேர்ந்தே பிறந்தது. லாப நோக்கமில்லாதவர்களுக்கு என்று வழக்கத்தில் நின்றுவிட்டதே தவிர, பதிகிற நேரத்தில் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். டாட் ஆர்க் இருந்தாலே அது நல்ல அமைப்பு என்று நம்பிப் பணம் அனுப்புகிறவர்களிடம் இதை அழுத்திச் சொல்கிறேன். 80ஜி வரிவிலக்கு எண்ணையும் அரசின் என்ஜிஓ தர்பன் தளப் பதிவு எண்ணையும் பாருங்கள்.

ஆனாலும் என் முதல் சிபாரிசு டாட் ஆர்க்தான். அதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அது என்னை மிகவும் பாதித்த கதை. 2003 முதல் டாட் ஆர்க்கை நிர்வகிப்பது பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரி என்ற லாப நோக்கமற்ற அமைப்பு. அதை நிறுவியது இன்டர்நெட் சொசைட்டி. 2019 ஜூன் கடைசியில், ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் விலை ஏற்றக் கூடாது என்ற உச்சவரம்பை, உலக டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு அந்த ரெஜிஸ்ட்ரியோடான ஒப்பந்தத்திலிருந்து நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில், அந்த ரெஜிஸ்ட்ரியையே ஈதாஸ் கேபிடல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கப்போவதாக இன்டர்நெட் சொசைட்டி அறிவித்தது. உலகம் முழுவதும் தொண்டு நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. பெரிய பெரிய அமைப்புகளோடு நம்மைப் போன்ற சிறு ஆட்களும் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். 2020 ஏப்ரலில் கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் இதை அனுமதிக்கக் கூடாது என்று ஐகானுக்குக் கடிதம் எழுதினார். அந்த மாதம் 30-ஆம் தேதி ஐகான் விற்பனையை நிராகரித்தது. நம் சங்கத்தின் முகவரி நம் கையில் மட்டும் இல்லை, அதற்கு மேலே இருக்கிற ஒரு கையிலும் இருக்கிறது என்று அந்த ஐந்தாறு மாதங்களில் பல பேருக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு நான், நிதி இடம் கொடுத்தால் ஐந்து வருடம், பத்து வருடம் என்று சேர்த்துக் கட்டிவிடச் சொல்கிறேன். விலை நடுவில் ஏறினாலும் கட்டிய வருடங்களுக்கு அது பாதிக்காது.

டாட் இன் நம் நாட்டுப் பெயர், நிக்சி என்ற இந்திய அமைப்பு நடத்துகிறது. 2005-இல் விதிகளைத் தளர்த்தியதற்குப் பிறகுதான் சாதாரண ஆட்களுக்கு எளிதாகக் கிடைக்கத் தொடங்கியது. டாட் ஆர்க் டாட் இன் என்பதும் அதில் ஒரு வகை. நீளம் என்றாலும் நல்ல பெயர்கள் இன்னும் கிடைக்கின்றன. உள்ளூரில் மட்டும் வேலை செய்கிற சங்கத்துக்கு இது போதும். டாட் என்ஜிஓ என்று ஒன்று 2015-இல் வந்தது. விலை அதிகம், நம் ஊரில் பழக்கமில்லை, நான் சிபாரிசு செய்வதில்லை. முதல் வருடம் தொண்ணூற்றொன்பது ரூபாய் என்று விளம்பரம் செய்கிற புதுப் புது வால்களையும் வேண்டாம் என்பேன். இரண்டாம் வருட ரின்யூவல் விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு சங்கம் இருக்கப்போவது ஒரு வருடமல்ல.

தமிழிலேயே டொமைன் வைக்கலாமா என்று கேட்பவர்கள் என் மனசுக்கு நெருக்கமானவர்கள். வைக்கலாம். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. மன்னார்குடிப் பக்கம் ஒரு வாசகர் வட்டத்தின் தலைவர், தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், "நம்ம பேரை நம்ம எழுத்துல போட முடியாதாப்பா?" என்று கேட்டார். பதிந்து கொடுத்தேன். போனில் தன் கையாலேயே தமிழில் டைப் அடித்துப் பக்கம் திறந்ததைப் பார்த்ததும், பக்கத்தில் இருந்தவர்களின் போனையெல்லாம் வாங்கி வாங்கி அடித்துப் பார்த்தார். சிக்கல் மறுநாள் வந்தது. உறுப்பினர் ஒருவர் முகவரியை பிரவுசரிலிருந்து காப்பி எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட, அது 'எக்ஸ்-என்' என்று தொடங்கி இரண்டு கோடும் புரியாத எழுத்துகளுமாக வந்து விழுந்தது. கணினிக்குள் தமிழ் டொமைன் அந்த உருவத்தில்தான் பயணம் செய்கிறது. குழுவில் இரண்டு பேர் "யாரும் தொடாதீங்க, மோசடி லிங்க்" என்று எழுதிவிட்டார்கள். வங்கி விண்ணப்பங்களும் அரசுப் படிவங்களும் தமிழ் மெயில் முகவரியை இன்னும் ஏற்பதில்லை. எனவே ஆங்கில எழுத்து டொமைனை முதன்மையாக வைத்து, தமிழ்ப் பெயரை அதற்குத் திருப்பிவிடுவது என் வழி. நோட்டீஸிலும் பேனரிலும் தமிழ்ப் பெயரைப் பெரிதாகப் போடலாம். அந்த வாசகர் வட்டத்தின் பேனரில் அப்படித்தான் இருக்கிறது.

பெயர் முடிவானதும் எல்லோரும் கிளம்பத் தயாராவார்கள். உட்காரச் சொல்வேன். உண்மையான வேலை இனிமேல்தான்.

பதிவுப் படிவத்தில் பெயர், நிறுவனம், மெயில், போன், முகவரி என்று கட்டங்கள். நிறுவனம் என்ற கட்டத்தைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். அதில் பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே, ஓர் எழுத்து மாறாமல், சங்கத்தின் பெயர் இருக்க வேண்டும். காலியாக விட்டால் டொமைன் பெயர்க் கட்டத்தில் இருக்கிற தனி மனிதருடையது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. நாளை அவர் காலமானால் அவருடைய வாரிசுகளிடம் போய் நிற்க வேண்டிவரும்.

மெயில் கட்டம் அதைவிட முக்கியம். பதிந்ததும் அந்த முகவரிக்கு ஒரு சரிபார்ப்பு மெயில் வரும். 15 நாளுக்குள் கிளிக் செய்யாவிட்டால் டொமைனை முடக்கிவிடுவார்கள். ரின்யூவல் நினைவூட்டல், பாஸ்வேர்டு மாற்றம், இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கான கோடு எல்லாம் அதற்குத்தான் வரும். அந்த மெயில் யாருடைய சொந்த மெயிலாகவும் இருக்கக் கூடாது. அதே டொமைனில் உருவாக்கிய மெயிலாகவும் இருக்கக் கூடாது. இரண்டாவதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். டொமைன் காலாவதியானால் அதில் இயங்குகிற மெயிலும் நின்றுவிடும்; 'காலாவதியாகிவிட்டது, மீட்டுக்கொள்ளுங்கள்' என்ற கடிதம் வந்து சேர வழியிருக்காது. சங்கத்தின் பெயரில் தனியாக ஓர் இலவச மெயில் திறந்து, அதை இதற்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அதற்குள் நுழையும் வழி இரண்டு நிர்வாகிகளிடம் இருக்க வேண்டும், கோயில் உண்டியலுக்கு இரண்டு பேரிடம் சாவி இருப்பது போல.

போன் எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. சங்கத்துக்கென்று புதிதாக ஒரு சிம் வாங்கி, ஓடிபிக்கு அதைக் கொடுத்துவிட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். தொண்ணூறு நாள் பயன்பாடே இல்லையென்றால் அந்த எண்ணை நிறுத்திவிடலாம் என்பது விதி. பிறகு எண் வேறொருவருக்குப் போகும், ஓடிபியும் கூடவே போகும். அதனால் போனை மட்டும் நம்பாமல், ஆதென்டிகேட்டர் ஆப்பை இரண்டு நிர்வாகிகளின் போனில் போட்டு, பேக்கப் கோடுகளைத் தாளில் அச்சடித்து, உறையில் வைத்து ஒட்டி, தீர்மானப் புத்தகத்தோடு வைக்கச் செய்கிறேன்.

டொமைன் தனி ஆட்கள் பெயரில் போய்ச் சேர்வதற்கு யாருடைய பேராசையும் காரணமல்ல. காரணம் வங்கிக் கணக்கு. சங்கக் கணக்குகள் இருவர் கையெழுத்தில் இயங்குகின்றன. அப்படிப்பட்ட கணக்குக்கு வங்கிகள் பெரும்பாலும் டெபிட் கார்டு தருவதில்லை. டொமைன் பதிந்து தருகிற நிறுவனங்களான ரிஜிஸ்ட்ரார்களோ கார்டு கேட்கிறார்கள். உடனே யாராவது ஒருவர், "நான் என் கார்டுல போட்டுடறேன், வவுச்சர் வச்சுக் குடுங்க" என்பார். நல்லெண்ணம்தான். ஆனால் கார்டு அவருடையது என்பதால் கணக்கும் அவருடைய பெயரில், அவருடைய மெயிலில் தொடங்கிவிடும். பில்லும் அவர் பெயரில். ஆடிட்டர் அந்தப் பில்லைப் பார்த்து, "இது டிரஸ்ட் செலவுன்னு நான் எப்படிக் காட்டுறது?" என்பார். கணக்கைச் சங்கத்தின் பெயரில் திறந்துவிட்டு, நெட் பேங்கிங்கோ யுபிஐயோ ஏற்கிற, சங்கத்தின் பெயரில் ஜிஎஸ்டி பில் தருகிற ரிஜிஸ்ட்ராரைத் தேர்ந்தெடுங்கள். விலையில் நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை.

"ஆட்டோ ரின்யூவல் போட்டிருக்கோம், தானா கட்டிக்கும்" என்று நிம்மதியாக இருக்கிறவர்களுக்கும் ஒன்று. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் புது விதிமுறை அமலுக்கு வந்தது. முறையாக ஒப்புதல் பதிவு செய்யாத தானியங்கிக் கார்டுப் பிடித்தங்கள் அதோடு நின்றன. வெளிநாட்டு ரிஜிஸ்ட்ரார்களிடம் இருந்த நம் ஊர்ச் சங்கங்களின் ஆட்டோ ரின்யூவல் பலவும் அந்த வருடம் சத்தமில்லாமல் தோற்றன. 'கட்டணம் தோல்வி' என்ற மெயில் ஸ்பாம் பெட்டியில் கிடந்தது.

காலாவதியானால் என்ன நடக்கிறது என்பதை ஒரு சங்கத்தோடு கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பகம் நடத்துகிற டிரஸ்ட். டொமைனைப் பதிந்த தன்னார்வலர் வெளிநாடு போய்விட்டார்; பழைய மெயிலைப் பார்ப்பதில்லை, இங்கிருந்த சிம் செத்துவிட்டது. ஒரு நாள் வெப்சைட் போய் விளம்பரப் பக்கம் வந்தது. சர்வர் கோளாறு, தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்புத்தான் விலை. டாட் ஆர்க்கில் தேதி கடந்த பிறகு ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரண விலைக்கே புதுப்பிக்கலாம். அதையும் விட்டால் 30 நாள் மீட்புக் காலம், பல மடங்கு அபராதத்தோடு. அதுவும் தாண்டினால் ஐந்து நாள் நீக்கக் காத்திருப்பு. அந்த ஐந்து நாளில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் யாராலும் எதுவும் செய்ய முடியாது. அவர்கள் என்னிடம் வந்தது அந்த ஐந்து நாளில்.

விடுபடும் நொடியில் பிடித்துத் தருகிற சேவை ஒன்றில் முன்பதிவு செய்தோம். கிடைக்கவில்லை. அந்த நொடிக்காகவே நிரல் எழுதி வைத்துக் காத்திருக்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். சில நாளில் அதே முகவரியில் சூதாட்டப் பக்கம் வந்தது. மேலே டிரஸ்டின் பெயர், கீழே ரம்மி. படிப்பகத்துப் பிள்ளைகளின் பழைய போட்டோ ஒன்றும் அப்படியே இருந்தது. நிறுவனர் அம்மா அதைப் பார்த்துவிட்டு வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளைங்க போட்டோவை மட்டும் எடுக்க வைக்க முடியுமா தம்பி?" என்று கேட்டார். புகார்கள் அனுப்பினோம், போட்டோ போயிற்று, டொமைன் வரவில்லை.

ஒரு கிராமத்துப் படிப்பகத்தின் பெயர் சூதாட்டக்காரனுக்கு எதற்கு என்று கேட்பார்கள். பத்திரிகைகளும் கல்லூரிகளும் அரசுத் தளங்களும் வருடக்கணக்காக அந்த முகவரிக்கு லிங்க் கொடுத்திருக்கின்றன. தேடுபொறி அந்த லிங்க்குகளை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் பத்து வருட உழைப்பில் சேர்ந்த நற்பெயர் முழுவதும் அவனுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது.

சட்டப்படி மீட்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. டாட் ஆர்க்குக்கு யுடிஆர்பி என்ற தகராறு நடைமுறை 1999 முதல் உண்டு. டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பி. ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒரு டொமைனுக்கு யுடிஆர்பி புகார் கொடுக்கவே ஒரு நடுவருக்கு 1500 டாலர் கட்ட வேண்டும். அந்தப் பெயர்மீது உங்களுக்கு வணிகக் குறியீட்டு உரிமை இருப்பதையும் நிரூபிக்க வேண்டும். நோட்டுப் புத்தகம் வாங்கவே நன்கொடை கேட்கிற டிரஸ்டுக்கு இது எட்டாக் கனி. அவர்கள் டாட் ஆர்க் டாட் இன் எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த ரசீது புத்தகங்களில் புது முகவரியை ஸ்டிக்கராக ஒட்டினார்கள், நன்கொடையாளர்கள் ஒவ்வொருவருக்கும் கடிதம் போட்டார்கள்.

டொமைன் இன்னும் உயிரோடு, வேறு ஆள் பெயரில் இருந்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. வெப்சைட் போட்டுக் கொடுத்த டிசைனர் பெயரில், அல்லது பழைய செயலாளர் பெயரில் இருக்கும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடலாமா என்று கொதிப்பார்கள். வேண்டாம் என்பேன். செயற்குழுவில் தீர்மானம் போட்டு, லெட்டர்பேடில் எழுதி, சங்கத்தில் அவர் மதிக்கிற ஒருவரை அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். பழைய பாக்கி ஏதாவது இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். நேரில் கேட்டுத் தராதவர்கள் என் அனுபவத்தில் மிகச் சிலர். அவர் செய்ய வேண்டியது டொமைன் பூட்டைத் திறந்து மாற்றல் கோடைக் கொடுப்பதுதான். ஐந்து நாளில் மாறிவிடும். புதிதாகப் பதிந்தோ மாற்றியோ 60 நாள் ஆகாத டொமைன் மட்டும் காத்திருக்க வேண்டும். ஆனால் காலாவதித் தேதி நெருங்கியிருந்தால், மாற்றலுக்குக் காத்திராமல் அவருடைய கணக்கிலேயே ஒரு வருடம் புதுப்பித்துவிட்டு, பிறகு மாற்றுங்கள்.

டொமைன் பதிந்த சில வாரத்தில் வேறு வகையான ஆட்கள் வருவார்கள். 'உங்கள் பெயரைச் சீனாவில் ஒரு கம்பெனி பதியப் போகிறது, உடனே ஆட்சேபம் தெரிவியுங்கள்' என்று ஒரு மெயில். 'காலாவதி அறிவிப்பு' என்று பெரிய எழுத்தில், பில் போலவே, யாரோ அனுப்பும் கடிதம். பொருளாளர்களை நான் எச்சரிக்கிறேன்: பணம் கட்டச் சொல்லி வருகிற எந்த லிங்க்கையும் தொடாமல், நீங்களே ரிஜிஸ்ட்ரார் தளத்தைத் திறந்து தேதியைப் பாருங்கள்.

டொமைன் கைக்கு வந்ததும் அதில் மெயிலும் இயங்க வைத்துவிடுங்கள். தகுதி பெற்ற தொண்டு அமைப்புகளுக்கு கூகுள் இலவசமாகவே அந்த வசதியைத் தருகிறது. சொந்த டொமைன் இருக்க வேண்டும் என்பது அதற்கு அடிப்படை. மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் சேர்த்துப் போட்டால்தான் நன்கொடை ரசீது ஸ்பாமில் விழாமல் போய்ச் சேரும்.

ஒப்படைக்கும்போது ஒரு தாளும் சேர்த்துக் கொடுக்கிறேன்: எந்த ரிஜிஸ்ட்ரார், எந்த மெயில், எந்தத் தேதி வரை, பேக்கப் கோடு எங்கே. அதைச் சொத்துப் பதிவேட்டில், நாற்காலிகளுக்கும் பீரோவுக்கும் அடுத்த வரியில் எழுத வைக்கிறேன். தேர்தல் முடிந்து நிர்வாகிகள் மாறினால், வங்கியில் கையெழுத்து மாற்றுகிற அதே நாளில், பதிவாளர் அலுவலகத்துக்குப் படிவம் அனுப்புகிற அதே வாரத்தில், இந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் மாற வேண்டும். ஆண்டுப் பொதுக்குழு அறிக்கையில் 'டொமைன் இன்ன தேதி வரை கட்டப்பட்டுள்ளது' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். அந்த ஒரு வரி உள்ள சங்கம் எதுவும் இதுவரை டொமைனை இழந்து நான் பார்க்கவில்லை.

கலைந்துபோகிற அமைப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோது, டெல்டாவில் எத்தனையோ நிவாரணக் குழுக்கள் உருவாயின. ஒரு குழுவின் டொமைனில் புயலின் பெயரே இருந்தது. ஓராண்டில் வேலை முடிந்தது, கணக்கு ஒப்படைத்தார்கள், குழுவைக் கலைத்தார்கள். டொமைனை விட்டுவிடலாம் என்றார்கள். விடக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். அடுத்த புயலின்போது அந்தப் பெயரை யாராவது எடுத்து, அதே பெயரில் நன்கொடை வசூலித்தால், பழைய நன்கொடையாளர்கள் அதை நம்பிப் பணம் அனுப்புவார்கள். மிச்சமிருந்த சிறு தொகையில் 2028 டிசம்பர் வரை கட்டினோம். குழுவில் இருந்தவர்கள் உள்ளூர்த் தென்னை விவசாயிகள் சங்கம் ஒன்றின் பெயருக்கு அதை எழுதிக்கொடுத்தார்கள். இப்போது அந்த முகவரியில் ஒரே ஒரு பக்கம் இருக்கிறது: எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு போனது, ஆடிட்டர் கையெழுத்து. 2028-க்கான ரின்யூவல், அந்த விவசாயிகள் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.